ஸ்டியரிங் ரேக்கிற்குப் பாலியூரித்தேன் புஷ்: பொருத்தி ஓட்டிய பிறகு ஒரு மதிப்பீடு

பள்ளங்களில் இறங்கும்போது முன்பக்கம் 'டக்' என்று ஒலிப்பதும், ஸ்டியரிங்கைத் திருப்பி ஒரு கணம் கழித்தே வண்டி திரும்புவதுமாக இருந்த என் பழைய காரில், முன்சக்கரங்களைத் தள்ளித் திருப்பும் தண்டுகளான டை ராட்களின் முனைகளைத்தான் முதலில் சந்தேகித்தேன். அவை உறுதியாகவே இருந்தன. சக்கரங்கள் தரையில் நிற்க, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது ஆட்டச் சொல்லிப் பார்த்தபோது, ஸ்டியரிங்கின் திருப்பத்தை டை ராட்களுக்குக் கடத்தும் ரேக் முழுவதுமே, அதைப் பிடித்திருக்கும் கிளாம்புகளுக்குள் பக்கவாட்டில் நகர்வது தெரிந்தது. பவர் ஸ்டியரிங் ஆயில் கசிந்து ஊறியதால், ரேக்கிற்கும் கிளாம்புக்கும் இடையே மெத்தைபோல் இருக்கும் ரப்பர் புஷ்கள் பிசுபிசுத்துப் போயிருந்தன.

மாற்றாக வாங்கிய பாலியூரித்தேன் புஷ்களில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பக்கத்தில் விடப்பட்டிருக்கும் பிளவு. ரேக்கை இறக்காமலேயே, கிளாம்பைக் கழற்றி, பழையதை அறுத்தெடுத்து, புதியதை விரித்து மாட்ட முடிந்தது. காரை ஜாக்கை மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டுகளின் மேல் வைத்துச் செய்த இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் துருப்பிடித்த போல்ட்டுகளுக்கே போயிற்று. முந்தைய இரவே துரு இளக்கும் ஆயிலைத் தெளித்து வைத்திராவிட்டால் ஒன்றாவது முறிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முறுக்காமல், தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரென்ச்சால் முறுக்கினேன்.

குறை என்று சொன்னால், பெட்டியில் வைத்திருக்கும் கிரீஸ் இரண்டு புஷ்களுக்கும் போதவில்லை. பாலியூரித்தேனை உலர்ந்த நிலையில் மாட்டினால் நாளடைவில் கிறீச்சிடும் என்பதால், சிலிகான் கிரீஸைத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. இவ்வளவு சிறிய பொருளில் ஏன் இந்தச் சிக்கனம் என்பது விளங்கவில்லை.

ஸ்டியரிங்கின் தாமதம் முற்றிலும் நீங்கி, கையைத் திருப்பியவுடன் சக்கரம் திரும்புகிறது. 'டக்' ஒலியும் இல்லை. ஆனால் ரப்பரைவிடக் கடினமான பொருள் என்பதால், கரடுமுரடான சாலையின் அதிர்வு முன்பைவிடத் தெளிவாகக் கைக்கு வருகிறது. ரேக்கின் இருப்பிடம் சிறிது மாறியிருக்கக்கூடும் என்பதால் வீல் அலைன்மென்ட் பார்த்ததில், டோ அளவு, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்து திரும்பியிருக்கும் அளவு, உண்மையிலேயே விலகியிருந்தது. அந்தச் செலவையும் புஷ்ஷின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். வளைவுகளில் துல்லியத்தை விரும்பும் எனக்கு இந்தப் பொருள் நிறைவளிக்கிறது. நாள்தோறும் மோசமான சாலையில் நெடுந்தூரம் ஓட்டுபவருக்குப் புதிய ரப்பர் புஷ்களையே வாங்கச் சொல்வேன்.