ஆன் ஆகாத கையடக்க கன்சோல்: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டது

கையடக்க கேம் கன்சோல் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய சூட்டோடு எழுதிவிடுகிறார்கள். திரை எப்படி, பட்டன் எப்படி, எந்த கேம் ஓடுகிறது, அதோடு சரி. இரண்டு மூன்று வருடம் கழித்து அதையே இழுப்பறையிலிருந்து எடுத்து பவர் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று எழுதுகிறவர்கள் குறைவு. என்னிடம் இருப்பது லினக்ஸில் ஓடும் சின்ன ரெட்ரோ கன்சோல். திரை இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது, திசைப் பட்டன் கைக்கு நன்றாகப் பழகிவிட்டது, பழைய கேம்களுக்கு இதைவிட வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. குறை ஒன்றுதான். கொஞ்ச நாள் தொடாமல் விட்டால் ஆன் ஆக மறுக்கும். பிராண்டைச் சொல்லப் போவதில்லை. இந்தக் கோளாறு எல்லா பிராண்டிலும் வரக்கூடியது.

'ஆன் ஆகவில்லை' என்பது காய்ச்சல் மாதிரி. அது நோய் இல்லை, அறிகுறி. பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கலாம், சார்ஜர் மின்சாரமே கொடுக்காமல் இருக்கலாம், உள்ளே சிஸ்டம் தொங்கிப் போயிருக்கலாம், மெமரி கார்டு போயிருக்கலாம், எல்லாம் ஓடிக்கொண்டிருந்து திரை மட்டும் அணைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கருப்புத் திரைதான். உள்ளே இருக்கும் மெயின் போர்டே போய்விட்டது என்ற முடிவுக்கு நாம்தான் முதலில் ஓடுகிறோம். என் கன்சோலில் ஒரு தடவைகூட அது காரணமாக இருந்ததில்லை.

அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: மின்சாரம் உள்ளே போகிறதா? கன்சோலில் இருக்கும் சின்ன விளக்கை நம்ப முடியாது. பேட்டரி ஒரு அளவுக்கு மேல் ஏறிய பிறகே சில மாடல்களில் அது எரியும். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகும் யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும். இந்த கன்சோலுக்காக வாங்கிய துணைப் பொருட்களில் உருப்படியானது அது ஒன்றுதான். உறையும் திரைக் கண்ணாடியும் இல்லாமல்கூட இருந்துவிடலாம்.

நீண்ட நாள் கிடந்த கன்சோலைச் செருகினால் மீட்டரில் இப்படித்தான் தெரியும்: 5.1 வோல்ட், 0.00 ஆம்பியர். சில நொடியில் 0.06, 0.07 என்று துடிக்கும். கன்சோலில் எந்த அசைவும் இருக்காது. விளக்கு இல்லை, திரை இல்லை, தொட்டால் சூடும் இல்லை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் கேபிளைப் பிடுங்கிவிட்டு 'டெட்' என்று முடிவு கட்டுகிறார்கள். பிடுங்காமல் அப்படியே விட்டால், அரை மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து, மீட்டர் திடீரென்று ஒரு ஆம்பியர் பக்கம் தாவும். கூடவே சிவப்பு விளக்கும் எரியும்.

காரணம் லித்தியம் பேட்டரியின் குணம். ஒரு செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், சராசரியாக 3.7. அது 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், சார்ஜ் செய்யும் சிப் உடனே முழு வேகத்தில் மின்சாரத்தை ஏற்றாது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு மாதிரி மெல்ல விட்டு, செல் தாங்குகிறதா என்று பார்த்து, 3 வோல்ட்டைத் தாண்டிய பிறகே வேகம் எடுக்கும். இன்னும் கீழே போனால் பேட்டரியோடு ஒட்டியிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பையே துண்டித்துவிடும். அப்போது கன்சோலைப் பொறுத்தவரை பேட்டரி என்று ஒன்று இல்லவே இல்லை. இதெல்லாம் தீப்பிடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு, தேவையான ஏற்பாடும்கூட. ஆனால் 'பொறு, ஏறிக்கொண்டிருக்கிறது' என்று காட்ட ஒரு விளக்கைச் சிமிட்ட வைத்திருக்கலாம். அதைச் செய்யாததுதான் எனக்கு எரிச்சல்.

மீட்டரில் 0.00 அசையாமல் நின்றால் கதை வேறு. அப்போது கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. இரண்டு முனையும் யூஎஸ்பி-சி ஆக இருக்கும் கேபிளில் என் கன்சோல் சார்ஜே ஆகாது. சி முனை கொண்ட மீட்டரை நடுவில் செருகினால் மீட்டரே எரியாது. ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி-ஏ, மறுமுனை சி என்று இருக்கும் கேபிளில் உடனே ஏறும். சார்ஜரில் குறையில்லை, கேபிளிலும் இல்லை. யூஎஸ்பி-சி சார்ஜர், எதிரே உண்மையில் ஒரு சாதனம் செருகப்பட்டிருக்கிறது என்று உறுதியாகும்வரை மின்சாரத்தைத் திறக்காது. அந்த உறுதியைத் தருவது சாதனத்தில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். விலை மலிவாக இருக்க வேண்டும் என்று செய்யப்படும் பல சின்ன கன்சோல்களில் இந்தக் கடுகளவு பாகங்களை விட்டுவிடுகிறார்கள். பழைய ஏ முனையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும் என்பதால் அதில் மட்டும் வேலை செய்கிறது. புது போனின் சார்ஜரைச் செருகிப் பார்த்து, ஆன் ஆகவில்லை என்று கன்சோலைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

பெரிய கன்சோல்களில் பிரச்சினை வேறு பக்கம் இருக்கிறது. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சின் அடாப்டர் 5 வோல்ட்டும் தரும், 15 வோல்ட்டில் 2.6 ஆம்பியரும் தரும். ஸ்டீம் டெக்கின் சார்ஜர் 45 வாட். இவை எத்தனை வோல்ட் வேண்டும் என்று சார்ஜரோடு பேசி முடித்த பிறகே மேல் வோல்ட்டேஜுக்குப் போகும். பேச்சு நடக்காவிட்டால் 5 வோல்ட்டிலேயே நிற்கும். ஸ்விட்ச் 5 வோல்ட், 0.4 ஆம்பியர் அளவில் அசையாமல் நின்றால், சார்ஜரோடு பேசும் எம்92டி36 (M92T36) என்ற சிப்பைத்தான் பழுது பார்ப்பவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். அது வீட்டில் மாற்றுகிற வேலை இல்லை.

மின்சாரம் போகிறது, பேட்டரியும் ஏறியிருக்கிறது, இருந்தும் திரை கருப்பு. அடுத்தது சிஸ்டம் தொங்கியிருப்பது. ஸ்லீப் மோடில் விட்ட கன்சோல் உண்மையில் தூங்கவில்லை, நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. விழிக்கும்போது சிக்கிக்கொண்டால் பவர் பட்டனைத் தட்டுவதில் பயன் இல்லை. ஸ்விட்சில் அதை 12 நொடி அல்லது அதற்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும், பிறகு விட்டுவிட்டு ஒருமுறை அழுத்த வேண்டும். இந்த 12 நொடி நினைப்பதைவிட நீளம். ஐந்தாறு நொடியில் கை தானாக விட்டுவிடுகிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிடிப்பது நல்லது. ஸ்டீம் டெக்கில், நீண்ட நாள் எடுத்து வைப்பதற்கென்று, பேட்டரி ஸ்டோரேஜ் மோட் என்று ஒன்று உண்டு. அதில் இருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் எழாது, சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும். பெட்டியிலிருந்து புதிதாக எடுக்கும்போதும் இதே கதைதான்.

திரை மட்டும் போயிருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஒலியைக் கூட்டிவிட்டு காதருகே வைத்துக் கேட்கலாம், விசிறி உள்ள மாடலில் காற்று வருகிறதா என்று பார்க்கலாம், டிவியில் இணைக்க முடிந்தால் இணைக்கலாம். எல்சிடி திரையாக இருந்தால், இருட்டில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் மெனு லேசாகத் தெரியும். தெரிந்தால் பின்விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது. ஓஎல்இடி திரையில் இந்த வித்தை எடுபடாது, அதில் பின்விளக்கே கிடையாது.

என்னுடையது போன்ற ரெட்ரோ கன்சோல்களில் மெமரி கார்டு தனிக் கதை. சிஸ்டமே அந்த எஸ்டி கார்டில்தான் இருக்கிறது. கார்டு போனால் பவர் விளக்கு ஒழுங்காக எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. கன்சோலோடு பெட்டியில் வரும் பெயர் தெரியாத கார்டை நம்பி வருடக்கணக்கில் ஓட்ட முடியாது. என்னுடையது முதலில் கேம் சேமிப்புகளைத் தொலைக்க ஆரம்பித்தது, அப்புறம் பூட் ஆவதற்கு நேரம் எடுத்தது, அப்புறம் ஒருநாள் நின்றுவிட்டது. அறிகுறி தெரிந்ததுமே கார்டு முழுவதையும் கணினியில் இமேஜாக, அதாவது அச்சு அசல் நகலாக, எடுத்து வைத்திருந்ததால், நல்ல கார்டு ஒன்றில் எழுதிச் செருகியதும் பழையபடி ஓடியது. புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்வேன்: முதல் கேமைத் திறப்பதற்கு முன்பே இந்த இமேஜை எடுத்துவிடுங்கள்.

சார்ஜ் துளையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பையிலேயே கிடக்கும் கன்சோலில் துணிப்பஞ்சு உள்ளே போய், ஒவ்வொரு தடவை கேபிள் செருகும்போதும் அழுத்தப்பட்டு, அடியில் சாம்பல் நிறத் தகடு மாதிரி படிந்துவிடும். கேபிள் செருகியது போலத்தான் இருக்கும், ஆனால் முனை ஒரு மயிரிழை வெளியே நிற்கும், தொட்டால் ஆடும். கன்சோலை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் நடுவில் இருக்கும் நாக்கைத் தொடாமல் ஓரமாகச் சுரண்டினால் மொத்தமாக வந்துவிடும். ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால்தான் ஸ்க்ரூ டிரைவர். திறக்கும் முன் உடம்பைப் பக்கவாட்டில் பார்ப்பேன். பின்பக்கம் லேசாக வீங்கியிருந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடக் கூடாது, அழுத்தவோ குத்தவோ கூடாது, மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிட வேண்டும். உப்பாமலேயே செத்த பேட்டரியும் உண்டு. மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்கும் கீழே நீண்ட நாள் கிடந்த செல்லை உயிர்ப்பிக்கும் வித்தைகள் நிறையச் சொல்வார்கள், நான் அந்தப் பக்கம் போவதில்லை. அவ்வளவு இறங்கிய செல்லில் உள்ளே செம்பு கரைந்து, திரும்ப ஏற்றும்போது ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு.

என் கன்சோலுக்குக் கடைசியில் பேட்டரி மாற்ற வேண்டித்தான் வந்தது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இணைப்பான் அச்சு அசலாக அதேபோல் இருந்தாலும், சில பேட்டரிகளில் சிவப்பும் கருப்பும் இடம் மாறியிருக்கும். அப்படியே செருகினால் அதுவரை நன்றாக இருந்த போர்டு அந்த நொடியில் போகும். பழைய பேட்டரியைப் பக்கத்தில் வைத்து, கம்பி நிறத்தோடு நிற்காமல் மல்டிமீட்டரிலும் எது பிளஸ் என்று பார்த்துவிட்டுத்தான் செருகினேன். மாற்றிய பிறகு புதிது மாதிரியே ஓடுகிறது.

பழைய கேம் பாய் வைத்திருப்பவர்கள் இவ்வளவு அலைய வேண்டாம். 1989-ல் வந்த அதற்கு 4 ஏஏ பேட்டரி, 2001-ன் கேம் பாய் அட்வான்ஸுக்கு 2. ஆன் ஆகாவிட்டால் பேட்டரிக் கூடின் உலோகத் தகடுகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பார்த்து, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தால் பாதி தீர்ந்துவிடும். மீதி பவர் ஸ்விட்சில் படிந்த அழுக்கு. அணைத்த நிலையில் அதையே முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தால் சில சமயம் சரியாகிவிடுகிறது. சேகா கேம் கியர் மட்டும் விதிவிலக்கு, அதில் கப்பாசிட்டர்கள் கசிவதுதான் வழக்கமான வியாதி, சால்டரிங் தெரிந்தவர் வேண்டும்.

இப்போது நான் கன்சோலை ஸ்லீப்பில் விடுவதே இல்லை, முழுதாக அணைத்துவிடுகிறேன். எடுத்து வைக்கும்போது பேட்டரி பாதி அளவில் இருக்கும். ஸ்விட்சுக்கு நின்டெண்டோவே ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்யச் சொல்கிறது. நான் என்னுடையதற்கு அதைவிடக் கொஞ்சம் அடிக்கடி செய்கிறேன். இதே மாடலைத் திரும்ப வாங்குவேனா என்று கேட்டால், வாங்குவேன், இரண்டு விஷயம் பார்த்துவிட்டு: பின்மூடி சாதாரண ஸ்க்ரூவில் திறக்கிறதா, சி-சி கேபிளில் சார்ஜ் ஆகிறதா. பிந்தையது இல்லாவிட்டால்கூடச் சமாளிக்கலாம், பெட்டிக்குள்ளேயே ஒரு ஏ-சி கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டால் போதும்.