பிக்கரெல் வீட் என்று சொல்லி ஆகாயத்தாமரையை விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

வீட்டில் குளம் வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் செடி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கோவையில் எங்கள் கொல்லைப்புறத்தில் போன வருடம் எட்டடிக்கு ஐந்தடியில் ஒரு சிமெண்ட் குளம் கட்டினோம். நடுவில் அல்லி, ஓரப் படிகளில் பூக்கும் செடிகள் என்று ஆசை. ஓரத்துக்கு நான் தேடியது பிக்கரெல் வீட். அமெரிக்கச் செடி. வேர் சேற்றில் இருக்கும், இலையும் பூவும் தண்ணீருக்கு மேலே நிற்கும். கம்பங்கதிர் மாதிரி நிமிர்ந்த தண்டில் ஊதாநிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கமாகப் பூக்கும். இன்ஸ்டாகிராமில் ஒருவர் அந்தப் படத்தைப் போட்டு செடி 350 ரூபாய் என்றார். நான்கு செடி, "தண்ணீர்ச் செடிக்கான ஸ்பெஷல் மண்" ஒரு மூட்டை, கூரியர் எல்லாம் சேர்த்து 2,150 ரூபாய் அனுப்பினேன்.

வந்த செடிகளில் காம்பு நீளமாக, இலை பளபளப்பாக இருந்தது. வேரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உக்கடம் குளத்திலும் சிங்காநல்லூர் குளத்திலும் ஆகாயத்தாமரையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனால் அதன் காம்பு பந்து மாதிரி உப்பியிருக்கும் என்பதுதான் மனதில் இருந்தது. நெருக்கமாக வளர்ந்தால் அதே செடி உப்பாமல் நீண்டுவிடும் என்பது அப்போது தெரியாது. இறகு போலத் தொங்கும் அந்தக் கருத்த வேரைப் பார்த்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். அதைத்தான் வெட்டிவிட்டார்களே.

மூன்றாவது வாரம், குளத்தில் நட்டு வைத்த தொட்டியிலிருந்து கொடி ஓடி, நுனியில் குட்டிச் செடிகள் மிதந்தன. குட்டிகளின் காம்பெல்லாம் உப்பியிருந்தது. பூத்ததும் சந்தேகம் தீர்ந்தது: மேல் இதழில் மயிலிறகுக் கண் மாதிரி நீலத்துக்கு நடுவே மஞ்சள் புள்ளி. அதற்குள் பாதிக் குளம் மூடிவிட்டது. நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிற செடி இது.

மண்ணும் மோசடிதான். தேங்காய் நார்த்தூளும் தொழுவுரமும் கலந்தது. நார் மிதந்தது, உரம் அழுகியது, தண்ணீர் நாறியது. விடியற்காலையில் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரே வாரத்தில் பதினொன்று செத்துப்போயின. பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்த மீன்கள்.

விற்றவரிடம் கேட்டால், "இதுவும் ஊதாப் பூதானே சார், ரெண்டும் ஒரே குடும்பம்தான்" என்றார். ஒரே குடும்பம் என்பது உண்மை. அதனால் ஒன்றின் பெயரில் இன்னொன்றை விற்கலாமா? அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவருடைய முகவரியோ பில்லோ என்னிடம் இல்லை.

பணத்தைவிட என்னைப் பயமுறுத்தியது மழைதான். குளம் நிரம்பி வழிந்தால் எங்கள் தெருச் சாக்கடை வழியாக ஒரு துண்டு நொய்யல் ஆற்றுக்குப் போனாலும் போதும், அங்கேயும் பரவிவிடும். மொத்தத்தையும் பிடுங்கி மொட்டை மாடியில் சருகாகும்வரை காய வைத்தேன். விதை சேற்றில் 15 வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும் என்பதால் அடிச்சேற்றையும் அள்ளி வெயிலில் கொட்டியிருக்கிறேன். உங்களுக்கும் இது வந்துவிட்டால் தயவுசெய்து சாக்கடையிலோ குளத்திலோ வீசாதீர்கள்.

வாங்குமுன் வேரையும் அடிக்காம்பையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிக்கரெல் வீட் செடிக்குச் சேற்றில் படரும் தடித்த கிழங்கு இருக்கும். பான்டிடேரியா கார்டேட்டா என்ற அதன் தாவரவியல் பெயரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். மண்ணுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். உரம் கலக்காத வயல் களிமண்ணைத் தொட்டியில் நிரப்பி, மேலே கூழாங்கல் பரப்பினால் போதும்.

இப்போது ஓரத்தில் கல்வாழையும் வசம்பும் நீர்ப்பிரம்மியும் இருக்கின்றன, எல்லாம் தெரிந்தவர்கள் தோட்டத்தில் கேட்டு வாங்கியவை. நண்பர் போனில் அந்த இன்ஸ்டாகிராம் கணக்கை நேற்றுப் பார்த்தேன். அதே படம்தான், விலை மட்டும் 400 ஆகியிருக்கிறது.