மழைக்கு எந்த டிஷ் தாங்கும்: சி பேண்டா, கேயு பேண்டா?

செயற்கைக்கோள் டிவி சிக்னல் வரும் இரண்டு அலைவரிசைகள்தான் சி பேண்டும் கேயு பேண்டும். எங்கள் மொட்டை மாடியில் எட்டடி சி பேண்ட் டிஷ் நிற்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லாம் இரண்டடி கேயு பேண்ட்தான். கடலூர் மாதிரிக் கடலோர ஊர் என்றால் பெரியதையே வாங்கச் சொல்வேன்.

விலையிலும் இடத்திலும் சின்ன டிஷ்தான் மேல், அதில் பேச்சே இல்லை. தூர்தர்ஷனின் இலவச சேவையான டிடி ஃப்ரீ டிஷ் என்றால் மாதக் கட்டணமும் கிடையாது. சி பேண்டில் கட்டணச் சேனல்கள் பூட்டியே வருகின்றன. இலவசமாக வருவதைத்தான் பார்க்க முடியும்.

ஆனால் மழை என்று வந்தால் கதையே வேறு. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளின் கேயு பேண்டில். 2017-இல் ஏவிய ஜிசாட்-17-உம் அங்கேதான் இருக்கிறது, அதில் சி பேண்ட் உண்டு. திசை ஒன்று, உயரமும் ஒன்று, சுமார் 35,786 கி.மீ. அவ்வளவு தூரம் தடையில்லாமல் வரும் சிக்னல் கடைசிச் சில கிலோமீட்டரில் மழையிடம் சிக்குகிறது. கேயு பேண்ட் இறங்குவது 12 கிகாஹெர்ட்ஸ் வாக்கில். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். சி பேண்ட் 4 கிகாஹெர்ட்ஸ், ஏழரை சென்டிமீட்டர். அலை குட்டையாக ஆக, மழைத்துளி அதை உறிஞ்சுவதும் சிதறடிப்பதும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டு கொட்டும்போது சின்ன டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் 'சிக்னல் இல்லை' என்று வந்துவிடுகிறது. புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்று தெரிந்தாக வேண்டிய நேரமும் அதுதான். எங்கள் டிஷ்ஷில் அந்த நேரத்திலும் படம் நின்று வருகிறது. எனக்கு இந்த ஒன்றே போதும்.

பராமரிப்பு வேலை உண்டு. உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடிக்கும், வருஷத்துக்கு ஒருமுறை கிரீஸ் தடவ வேண்டும். டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் கருவியான எல்.என்.பி.யின் வாயில் குளவி கூடு கட்டும். மூடி போட்டுவிட்டால் சரி. பெரும்புயல் நேராக அடித்தால் டிஷ் தாங்குமா என்று உறுதி சொல்ல மாட்டேன், அப்படி ஒரு காற்றை இது இன்னும் பார்க்கவில்லை.

வாங்குமுன் 5ஜி டவர் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் 5ஜிக்குக் கொடுத்த 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, டிஷ்ஷின் சி பேண்டுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் எல்.என்.பி. திணறும், 5ஜி சிக்னலைத் தடுக்கும் ஃபில்டர் போட வேண்டிவரும். எங்கள் தெருவில் டவர் இல்லை. ஃபில்டர் எவ்வளவு தூரம் உதவும் என்பதை, போட்டுப் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் குடியிருந்து பால்கனி மட்டுமே உங்களுடையது என்றால் சின்ன டிஷ்ஷே வாங்குங்கள்.