புரொஃபைல் லாக்: போட்டதும், எடுத்ததும், மறுபடி போட்டதும்

ஃபேஸ்புக்கில் நம் பக்கத்தை வெளியாட்களுக்குப் பூட்டிவைக்கும் புரொஃபைல் லாக் இந்தியாவுக்கு வந்தது 2020 மே மாதம். வந்த சூட்டோடு போட்டுக்கொண்டேன். அதற்கு முன்பே, 2017-இல் வந்த நீலக் கேடயம் என்ற பாதுகாப்பு வசதி என் புரொஃபைல் படத்தில் இருந்தது. அது இருந்தால் படத்தை அடுத்தவர் டவுன்லோட் செய்ய முடியாது, ஷேர் செய்ய முடியாது. இன்னொரு போனை வைத்துப் படம் பிடிப்பவனை அதுவும் தடுக்காதுதான். ஆனாலும் ரோஜாப்பூவை எடுத்துவிட்டு என் முகத்தை வைக்கத் தைரியம் வந்தது அதனால்தான்.

என் கணவரின் புரொஃபைலில் சொந்த ஊர், படித்த பள்ளி, கம்பெனி, செல் நம்பர், புல்லட்டில் சாய்ந்து நிற்கும் படம் எல்லாமே பப்ளிக். அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். முதலில் பிறந்த தேதி, அப்புறம் ஊர், அப்புறம் மகளின் பள்ளிச் சீருடை தெரிகிற படம்.

லாக் போட்டால் நட்பில் இல்லாதவருக்குப் பதிவும் ஸ்டோரியும் தெரியாது, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும் முடியாது. பழைய பப்ளிக் பதிவுகள்கூட நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். குடும்பத்தோடும் தோழிகளோடும் பேச மட்டும் ஃபேஸ்புக் போதும் என்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், போடுங்கள்.

ஆரி ஒர்க் ப்ளவுஸ் தைத்து விற்க ஆரம்பித்தபோதுதான் இடித்தது. லாக் இருக்கும்வரை பப்ளிக்காகப் பதிவு போட முடியாது. விலை கேட்ட பெண்களே, "லாக் போட்ட ஐடிக்கு எப்படிங்க நம்பி ஜிபே பண்றது?" என்றார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான். லாக்கை எடுத்தேன்.

ஒரே ப்ளவுஸ் படத்தை நானும் போட்டேன், தம்பியும் போட்டான். அவனுக்கு வந்தது, "ரேட் என்ன ப்ரோ? கூரியர் உண்டா?" எனக்கு ராத்திரி பதினோரு மணிக்கு, "சாப்டீங்களா மேடம்? ஹஸ்பெண்ட் வெளிநாடா?" ஒரு பெண் விற்க வந்தால் பேச்சுக்கும் கிடைப்பாள் என்று நினைக்கிற இந்தப் புத்தியை எந்த செட்டிங்கும் மாற்றாது.

இப்போது என் ஐடிக்கு மறுபடி லாக். கடைக்குத் தனிப் பேஜ். பேஜை யார் நடத்துகிறார்கள் என்று வெளியே காட்டாமலே நடத்தலாம். கணவர் பெயரைப் போட்டால் தொந்தரவு குறையும் என்று வீட்டில் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. ஊசி பிடிப்பது நான், அதனால் பெயரும் முகமும் என்னுடையவை. மெசேஜ் வந்தால் விலைப்பட்டியல் தானாகவே பதிலாகப் போகும்படி வைத்திருக்கிறேன். ராத்திரி விசாரிப்புகள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகின்றன.