பதின்மூன்று குணங்கள், ஒரு நோட்டு: மூன்று வருட அனுபவம்

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில் தனக்கென்று போட்டுக்கொண்ட குணப் பட்டியலை மூன்று வருடமாகக் கடைப்பிடித்து வருகிறேன். தொடங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மிதமாக உண்பது, நாவடக்கம், ஒழுங்கு என்று ஆரம்பித்துப் பணிவில் முடியும் 13 குணங்கள். குணத்துக்கு ஒரு வரி, கிழமைக்கு ஒரு கட்டம். ராத்திரி படுக்கும் முன், அன்று தவறிய குணத்துக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி. முழுக் கவனம் வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும். 13 வாரம் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று.

முதல் இரண்டு மாதம் மொபைல் செயலியில் செய்தேன். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று அது காட்டிக்கொண்டே இருந்ததால், அந்த எண் விழக்கூடாதென்று தவறியதையும் மறைக்க ஆரம்பித்தேன். அதை நிறுத்திவிட்டு நாற்பது பக்க நோட்டுக்கு மாறினேன். பிராங்க்ளின் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகி, பிறகு தந்தத் தகட்டில் பென்சிலால் குறித்து ஈரப் பஞ்சால் துடைத்தாராம். நான் எதையும் அழிப்பதில்லை. போன வருட நோட்டைப் புரட்டிப் பார்ப்பதில்தான் பலன் தெரிகிறது.

அதிகம் மாறியது நாவடக்கம். அம்மா போனில் ஒரே கதையைத் திரும்பச் சொன்னால், "சொன்னீங்களேம்மா" என்று வெட்டிவிடுவேன். ஒரு நாவடக்க வாரத்தில் பேசாமல் கேட்டேன். கதை முடிந்தது, கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம்தான், "முட்டி வலிக்குதுப்பா, மாடி ஏற முடியல" என்றார். எத்தனை முறை அந்த இடத்துக்கு வரும் முன்பே வெட்டியிருக்கிறேனோ!

ஒழுங்கில் இன்றும் வரி முழுக்கப் புள்ளிதான். பிராங்க்ளினையும் மிகவும் படுத்தியது அதுவே. பணிவு முதலில் பட்டியலிலேயே இல்லை. கர்வம் தெரிகிறது என்று குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சொன்ன பிறகு சேர்த்தார். "நிச்சயமாக" போன்ற சொற்களை விட்டு "எனக்குத் தோன்றுவது" என்று பேசப் பழகினார். ஆபீசில் நானும் அப்படிப் பேசிப் பார்க்கிறேன். எதிரில் இருப்பவர் தன் கருத்தைத் தயங்காமல் சொல்கிறார்.

ஒரு பெரிய குறை உண்டு. தப்பென்று நமக்கே தெரியாததற்குப் புள்ளி விழாது. நீதி அவர் பட்டியலில் இருந்தது. அவர் வீட்டில் பல வருடம் அடிமைகளும் இருந்தார்கள். அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானது 1787இல், முதுமையில்தான். அதனால் சுற்று முடிந்ததும் நோட்டை மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். போன முறை அவர் பென்சிலை வாங்கி நீதிக்கு நேரே, எல்லா ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் புள்ளி வைத்தார். "உங்களுக்கு லீவு, எனக்கு அன்னைக்கும் அடுப்படிதானே?" என்றார்.

இப்போது ஞாயிறு காலைச் சமையல் என்னுடையது.