பொன்னியின் செல்வனுக்கு அடுத்து எது? மூன்று தொடர்களும் என் சிபாரிசும்

டெல்டாவில் புத்தகம் படிக்கிற வீடு என்றால் அலமாரியில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இருக்கும். 1950-லிருந்து 54 வரை கல்கியில் தொடராக வந்தபோது கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகளும் உண்டு. அதை முடித்த கையோடு "இதுபோல அடுத்து என்ன?" என்று கேட்டால் எல்லோரும் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' டோல்கீன், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மார்ட்டின் என்று இரண்டே பெயரைத்தான் சொல்கிறார்கள். கேட்கிற பிள்ளை இரண்டையும் திரையில் பார்த்து முடித்திருக்கும். அதனால் நம் பக்கம் அதிகம் பேசப்படாத மூன்று ஆங்கில மாயாஜால நாவல் தொடர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் எழுதி முடிக்கப்பட்டவை. இன்னும் தன் தொடரை முடிக்காத மார்ட்டினுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதலில் டாட் வில்லியம்ஸின் 'மெமரி, சாரோ அண்ட் தார்ன்'. 1988-ல் தொடங்கி 1993-ல் முடிந்த மூன்று பாகம். அரண்மனைச் சமையற்கட்டில் எடுபிடி வேலை பார்க்கும் சைமன் என்ற பையன், மூன்று வாள்கள், வடக்கிலிருந்து இறங்கிவரும் பனி. தன் தொடருக்கு இது ஒரு தூண்டுதல் என்று மார்ட்டினே சொல்லியிருக்கிறார். சிஷ்யர் புகழில் குரு மறைந்துபோனார். குறை என்னவென்றால் முதல் 200 பக்கத்தில் பையன் அரண்மனையைச் சுற்றிக்கொண்டே இருப்பான், கடைசிப் பாகம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். பழைய பாணிக் கதையை நிதானமாக அனுபவிக்கத் தெரிந்தவர்களுக்கு இது விருந்து. மற்றவர்கள் பாதியில் மூடிவைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, ராபின் ஹாப் எழுதிய 'லிவ்ஷிப் டிரேடர்ஸ்', 1998 முதல் 2000 வரை மூன்று பாகம். ஃபிட்ஸ் என்ற நாயகனை வைத்து இவர் எழுதிய இன்னொரு தொடருக்கு இருக்கும் பெயர் இதற்கு இல்லை. எனக்கு இதுதான் ஒரு படி மேல். வணிகக் குடும்பங்களிடம் ஒரு வகை மந்திர மரத்தால் கட்டிய கப்பல்கள் இருக்கின்றன. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை அந்தக் கப்பலின் தளத்திலேயே உயிரை விட்டால் முகப்புச் சிலை கண் திறந்து பேச ஆரம்பிக்கும். கப்பல் வாங்கிய கடனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டவேண்டும். தங்கம் இல்லையென்றால் வீட்டுப் பிள்ளையைக் கொடுக்கவேண்டும்.

அல்தியா சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு கடலில் வளர்ந்தவள். கப்பல் தனக்குத்தான் என்று நினைத்திருக்கிறாள். அப்பா தளத்தில் படுத்து இறக்கிறார், கப்பல் விழிக்கிறது, அதே நாளில்தான் அது அக்கா பெயருக்கு எழுதப்பட்டது அவளுக்குத் தெரிகிறது. சுக்கான் அக்கா புருஷன் கைக்குப் போகிறது. அவன் அதில் அடிமைகளை ஏற்றத் துணிகிறான். பாகப்பிரிவினை பார்த்த நம்மூர் ஆட்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். கரையில் கைவிடப்பட்டு, கண் கொத்தப்பட்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டு கிடக்கும் பாரகன் என்ற கப்பலும் இதில் உண்டு. மனிதப் பாத்திரங்களைவிட அதுதான் எனக்கு அதிகம் நினைவில் நிற்கிறது. விறுவிறுப்பு என்று பார்த்தால் மூன்றில் இதுவே முதலிடம். நடுநடுவே வரும் கடல்பாம்பு அத்தியாயங்கள் மட்டும் தொடக்கத்தில் தலையும் புரியாது வாலும் புரியாது, பொறுத்துக்கொள்ளவேண்டும்.

அப்படியிருந்தும் நான் முதலில் கையில் கொடுப்பது மூன்றாவதை: டேனியல் ஏப்ரகாமின் 'லாங் பிரைஸ் குவார்டெட்'. 2006-லிருந்து 2009 வரை வருஷத்துக்கு ஒன்றாக வந்த நான்கு பாகம். இதே ஆள்தான் இன்னொருவரோடு சேர்ந்து ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற பெயரில் 'தி எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொடரை எழுதியவர். அது ஓடிய ஓட்டத்தில் இதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கதை நடக்கும் நாட்டில் கவிஞர்கள் ஒரு கருத்தைச் சொல்லால் கட்டி மனித உருவமாக நிறுத்துகிறார்கள். அந்த உருவத்துக்கு ஆண்டாட் என்று பெயர். சாரைகெட் என்ற துறைமுக நகரத்தில் இருக்கும் ஆண்டாட்டின் வேலை பஞ்சிலிருந்து விதையை நீக்குவது. மலைமலையாக வந்து இறங்கும் பருத்தி ஒரு நொடியில் சுத்தமாகிவிடும். அதனால் நெசவு, சாயம், கப்பல், வட்டிக்கடை எல்லாம் அந்த ஊரில் குவிகின்றன. அந்த ஆண்டாட்டோ தன்னைக் கட்டி வைத்திருக்கும் கவிஞரை வெறுக்கிறது. எப்போது தப்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. கவிஞர் மனசு ஒரு நாள் தளர்ந்தால் ஊரின் பிழைப்பே போச்சு. ஜூன் 12-க்கு மேட்டூரில் எத்தனை அடி இருக்கும், குறுவைக்கு நாற்று விடலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு வருஷமும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, மொத்த ஊரும் ஒற்றை மடையை நம்பியிருப்பது என்றால் என்னவென்று தெரியும். மந்திரத்தைப் பொருளாதாரமாக இப்படி யோசித்த இன்னொரு தொடரை நான் படித்ததில்லை.

முதல் பாகத்தில் இந்த ஆண்டாட்டைச் சுற்றி நடக்கும் சதியைத் துப்பறிவது ஒரு வாணிப நிறுவனத்தின் வயதான மேற்பார்வையாளர், அமத் கியான். நடந்தால் வலிக்கிற உடம்பு, கையில் கணக்குப் பேரேடு. வாள் ஏந்திய எந்த வீரனையும்விட அந்தம்மா ஒரு பற்று வரவைச் சரிபார்க்கும் இடத்தில்தான் எனக்குப் பதற்றம் கூடியது.

இரண்டாம் பாகம் சோழர் கதைப் பிரியர்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறித்த செய்தி உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. கொலையின் பின்னணி பற்றி ஆயிரம் வருஷமாகியும் வாதம் ஓயவில்லை. ஏப்ரகாமின் நாட்டில் அரசன் மகன்கள் ஒருவரையொருவர் கொன்று மிஞ்சுகிறவன் பட்டத்துக்கு வருவதுதான் முறையே. அப்படிப்பட்ட இடத்தில் முறை தவறிய ஒரு கொலை நடக்கிறது. பழி, ஊரைவிட்டுப் போய் வேறு பெயரில் கூலி வேலை செய்து பிழைத்த ஒட்டா என்ற மகன் மேல் விழுகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்க்காரர்கள் பேச்சோடு பேச்சாகக் கையாலும் உடம்பாலும் முத்திரை பிடிப்பார்கள். சம்மதத்துக்கு ஒன்று, நன்றிக்கு ஒன்று. சதிர் வளர்ந்த மண்ணில் பிறந்த நமக்கு முதலில் ரொம்பப் பிடிக்கும், நூறு பக்கம் தாண்டினால் "போதும்ப்பா" என்று ஆகும். முதல் பாகத்தின் மையத்தில் இருக்கும் குற்றம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமை. மனசு தாங்காதவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சண்டையும் குறைவு. திருவாரூரில் இருக்கும் என் அக்கா மகன் இரண்டு பாகம் முடித்துவிட்டு, "மாமா, இதுல போரே வரலியே" என்றான். மூணாவது வரட்டும்டா என்றேன். படித்துவிட்டு வந்தவன் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

ஆங்கிலம் பழகாதவர்களுக்கு இன்னொரு வசதி: மொழி எளிமை, ஒவ்வொரு பாகமும் 400 பக்கத்துக்குள் முடிகிறது. ஹாப்பின் ஒரே பாகம் இதில் இரண்டுக்குச் சமம். பாகங்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து வருஷம் ஓடிவிடும்; முதலில் இளைஞராகப் பார்த்தவர்கள் கடைசியில் தலை நரைத்து நிற்பார்கள்.

குடும்பக் கதைதான் வேண்டும், கண்ணீரும் வேண்டும் என்பவர்கள் தாராளமாக ஹாப்பிலிருந்து தொடங்கலாம். டிராகன் இல்லாமல் தூக்கம் வராது என்பவர்களுக்கு வில்லியம்ஸ். ஏப்ரகாமை எடுப்பவர்கள் முதல் பாகத்தின் தொடக்கத்தில் வரும் பள்ளிக்கூடப் பகுதியை முன்கதைதானே என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அங்கே ஒரு பெரிய பையன் ஒரு சின்னப் பையனைத் தோட்டத்தில் மண் கொத்த வைக்கிறான். நான்கு பாகமும் அந்த இரண்டு பேரின் கணக்குதான்.