வீடியோ டாக்டரா, நேரில் போவதா? ஒரு மாத்திரைச் சீட்டுக் கணக்கு

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போய்வந்தால் ஒரு நாள் லீவு போய்விடும். அதனால் முதலில் வீடியோவுக்குத்தான் பணம் கட்டினேன். ஒன்பது வயது மகனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிலைக்காமல் அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை. அதற்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை தீரப்போகிறது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட டாக்டர், "இதை மட்டும் என்னால் இங்கிருந்து எழுத முடியாது சார்" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் நெறிமுறைப்படி, அட்டவணை எக்ஸ் (கடும் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் அரசுப் பட்டியல்) மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவற்றையும் வீடியோவில் எழுதக் கூடாது. மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸில் இருக்கிறது.

செலவு, அலைச்சல், காத்திருப்பு எல்லாவற்றிலும் வீடியோதான் மேல். அதில் பேச ஒன்றுமில்லை. எனக்கு முடிவைச் சொன்னது மருந்துக்கடைதான். இந்த மாத்திரைக்குச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விற்பதற்கே 20எஃப் என்று தனி உரிமம் உண்டு. தெருமுனை மெடிக்கலில் கேட்டால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். ஆக, எந்த டாக்டராவது மனமிரங்கி வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பினாலும் கவுண்டரில் அது செல்லாது. நேரில் போனால் மையில் போட்ட கையெழுத்தோடு இரண்டு தாள் கைக்கு வருகிறது. அங்கேயே எடை, ரத்த அழுத்தமும் பார்த்துவிடுகிறார்கள். இந்த மருந்து பசியைக் குறைக்கும், அழுத்தத்தை ஏற்றும் என்பதால் அதுவும் தேவைதான். அப்புறம், அறைக்குள் இவன் சுழல் நாற்காலியை எத்தனை முறை சுற்றினான் என்பதை டாக்டரே பார்க்கிறார். கேமராவில் தெரிந்தது என் முகம் மட்டும்தான்.

அட்டோமாக்ஸிடின் என்று இன்னொரு மருந்து இருக்கிறது. அது அட்டவணை எக்ஸில் இல்லை, அதனால் இந்தத் தடையும் இல்லை. ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றார்கள். மெத்தில்ஃபெனிடேட் கொடுத்த அன்றே வேலை செய்கிறது. நாங்கள் அட்டோமாக்ஸிடினைக் கொடுத்துப் பார்த்ததில்லை, அதனால் எது உசத்தி என்று நான் சொல்லக் கூடாது.

வீடியோவை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. தூக்கம், பள்ளிக்கூடப் புகார் எல்லாம் இப்போதும் அதில்தான் பேசுகிறோம். சீட்டுக்கு மட்டும் சனிக்கிழமை காலை பஸ்; ஜன்னல் சீட் அவனுக்கு. கடைக்காரர் முத்திரை குத்தித் தரும் நம் பிரதி, வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் போய்விடும்.